கொதிகலனோடு குடித்தனம்

கரி ஏற்றும் நாளில் கப்பலில் ஒருவனுக்கும் ஓய்வு கிடையாது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்கு மாநிலங்களின் துறைமுகங்களை முற்றுகையிட்டு நின்ற வடக்குத் தரப்புக் கப்பல்களில், சில வாரங்களுக்கு ஒருமுறையாவது இந்த நாள் வரும். கரிக்கப்பல் பக்கத்தில் வந்து அணையும். அல்லது இவர்களே போர்ட் ராயல் துறைக்குப் போய் ஏற்றிக்கொள்வார்கள். தென் கரோலினாக் கரையிலிருக்கும் அந்த இடத்தை 1861 நவம்பர் 7-ல் பிடித்ததே பெரும்பாலும் இதற்காகத்தான்: கரிக்கிடங்கும் பழுதுபார்க்கும் பட்டறையும் பக்கத்தில் இல்லாமல் நீராவிக் கப்பலை வைத்து முற்றுகை நடத்த முடியாது.

கூடையிலும் சாக்கிலும் அள்ளி, கப்பியில் தூக்கி, மேல்தளத்தில் இருக்கும் வட்டத் துளைகள் வழியாகக் கீழே கொட்டுவார்கள். கீழே கரியறையில் இரண்டு மூன்று பேர் இருட்டில் நின்று அதை மண்வெட்டியால் மூலை முடுக்கெல்லாம் தள்ளிப் பரப்ப வேண்டும். பரப்பாமல் விட்டால் துளைக்கு நேர் கீழே குவியலாகிவிடும், அறை நிறையாது. ஒரு பக்கம் கூடுதலாகப் போனால் கப்பல் சாய்ந்து நிற்கும். சாய்ந்த கப்பலில் பீரங்கியைக் குறிபார்ப்பதும் கஷ்டம், இழுப்பதும் கஷ்டம். வேலை முடிந்தபின் மேலிருந்து கீழ்வரை கழுவல். துணி, படுக்கை, பிஸ்கட் எல்லாவற்றிலும் கரித்தூள் ஏறியிருக்கும்.

எந்தக் கரி என்பதும் முக்கியம். வடக்குக் கடற்படை பென்சில்வேனியாவின் ஆந்த்ரசைட் என்ற கடினமான நிலக்கரியை விரும்பியது. பற்றவைப்பது சிரமம், ஆனால் புகை மிகக் குறைவு. மென்கரி எரித்தால் புகைபோக்கியிலிருந்து கறுப்பாக எழும்பும். தொடுவானத்துக்கு அப்பால் நிற்கும் எதிரிக்கும் காட்டிக்கொடுத்துவிடும். ஆந்த்ரசைட்டுக்குத் தனிக் கைப்பக்குவம் வேண்டும். மென்கரி பழகியவன் வந்ததும் வராததுமாக இரும்புக் கம்பியை விட்டு நெருப்பைக் கிளறுவான். ஆந்த்ரசைட்டைக் கிளறினால் உடைந்து எரியாமலே அடுப்பின் இரும்புத் தட்டி இடுக்கு வழியாகச் சாம்பலோடு விழுந்துவிடும். தட்டி முழுவதும் ஒரே கனத்தில் பரப்பி, மேலே கைவைக்காமல், கீழிருந்து மட்டும் சாம்பலைத் தட்டிவிட வேண்டும்.

1861 ஏப்ரல் 19-ல் லிங்கன் முற்றுகையை அறிவித்தபோது காக்க வேண்டியிருந்த கரை சுமார் 3,500 மைல். சேவையில் இருந்த கப்பல்களோ 42. போர் முடியும்போது அந்த எண்ணிக்கை 670-ஐ ஒட்டி வந்துவிட்டது. எப்படி? கண்ணில் பட்ட வணிகக் கப்பலையெல்லாம் வாங்கிப் பீரங்கி ஏற்றினார்கள். நியூயார்க்கில் ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த படகுகள்கூடப் போருக்குப் போயின. இரு முனையும் ஒன்றுபோல இருந்ததால் குறுகிய ஆற்றில் திரும்பாமலே பின்னோக்கி ஓட அவை வசதியாக இருந்தன. ஆனால் கொதிகலனும் இயந்திரமும் நீர்மட்டத்துக்கு மேலே இருந்த கப்பல்கள் இவற்றில் நிறைய. சரக்குக் கப்பலில் அது குறையே இல்லை. குண்டு பாயும் இடத்தில் அதுதான் உயிருக்கு உலை.

கடலில் ஓடிய கப்பல்களின் கொதிகலனுக்குப் பெரும்பாலும் கடல்நீரையே ஊட்டினார்கள் என்பதை இன்றைக்கு நம்புவது கடினம். இயந்திரத்தில் வேலை முடித்த நீராவியைக் குளிர்விக்க அதன்மேல் கடல்நீரைப் பீய்ச்சுவார்கள். அந்தக் கலவைதான் திரும்பக் கொதிகலனுக்குப் போகும். நீர் ஆவியாகிப் போகும், உப்பு உள்ளேயே தங்கும். விட்டால் குழாய்களின்மேல் பொருக்குக் கட்டும். பொருக்கு ஏறிய குழாயில் சூடு நீருக்குப் போகாது. உலோகம் பழுத்து, இளகி, ஒருநாள் வெடிக்கும். இதைத் தடுக்கப் பணியிலிருக்கும் எஞ்சினியர் கொதிநீரை ஒரு குவளையில் பிடித்து, சாலினோமீட்டர் என்ற மிதவையைப் போட்டு உப்பை அளப்பார். கடல்நீரில் சுமார் 32 பங்குக்கு ஒரு பங்கு உப்பு. அது இரண்டு பங்கை நெருங்கினால் அடியிலுள்ள வால்வைத் திறந்து கொஞ்சம் நீரைக் கடலுக்கு வெளியேற்றிவிட்டுப் புது நீர் ஏற்ற வேண்டும். மிதவை 200 பாகை ஃபாரன்ஹீட் சூட்டுக்கென்று அளவு போட்டது. குவளையை ஆறவிட்டு அளந்தால் நீர் கனத்திருக்கும், உப்பு கூடுதலாகக் காட்டும், நல்ல கொதிநீரை வீணாக வெளியே விடுவார்கள். வெளியே போகும் ஒவ்வொரு வாளியும் எரித்த கரிதான்.

மிசிசிப்பியிலும் அதன் கிளை ஆறுகளிலும் ஓடிய கவசப் படகுகளுக்கு உப்புத் தொல்லை இல்லை, சேறுதான். ஆனால் அங்கே வேறொரு பயம். பொறியாளர் ஜேம்ஸ் ஈட்ஸ் 1861-ல் கட்டிக்கொடுத்த ஏழு படகுகளும் ஆற்றுமட்டம் தாழ்ந்தாலும் தரைதட்டாமலிருக்க ஆறடி ஆழ நீரில் மிதக்கும்படி அமைந்தவை. அத்தனை ஆழமில்லாத அடிப்பகுதியில் கொதிகலனை முழுக்க ஒளித்துவைக்க இடமேது? நீராவியைச் சேர்த்துவைக்கும் உருளை நீர்மட்டத்துக்கு மேலே வந்துவிட்டது. சுற்றிலும் சாய்வான மரச்சுவர், அதன்மேல் இரண்டரை அங்குல இரும்பு. அதுவும் எல்லாப் பக்கமும் இல்லை. மாலுமிகள், பீரங்கிகள், நீராவி உருளை எல்லாம் இந்த ஒரே மூடிய கூடாரத்துக்குள்.

1862 ஜூன் 17, ஆர்கன்சாவில் வைட் ஆற்றங்கரையிலுள்ள செயின்ட் சார்ல்ஸ். மவுண்ட் சிட்டி என்ற படகின் இடப்பக்கச் சுவரைத் துளைத்துக்கொண்டு ஒரே ஒரு குண்டு உள்ளே வந்தது. வந்த வழியில் சிலரைக் கொன்றுவிட்டு நீராவி உருளையைத் துளைத்தது. அழுத்தம் விட்டதும் கொதிகலன்களிலிருந்த நீர் மொத்தமும் பொங்கி ஆவியாகி அந்த மூடிய கூடாரத்தை நிரப்பியது. பீரங்கி வாய்கள்தான் வெளியேற வழி. தோலெல்லாம் வெந்தவர்கள் அவற்றின் வழியே ஆற்றில் குதித்தார்கள். நீரில் கிடந்தவர்களைக் கரையிலிருந்து தெற்குத் தரப்பினர் சுட்டார்கள். ஏறக்குறைய 175 பேரில் 100-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கவசம் குண்டைத் தடுக்கத் தவறினால், குண்டைவிடக் கவசத்துக்குள் அடைபட்ட நீராவி அதிகம் பேரைக் கொல்லும். அதற்குப் பிறகும் மாலுமிகள் அதே வகைப் படகுகளில் தினமும் வேலைக்கு இறங்கினார்கள்.

இந்த வேலைக்கு வந்தவர்கள் யார்? போர் முழுவதும் கடற்படையில் சேர்ந்தவர்கள் சுமார் 1,18,000 பேர். அமெரிக்காவுக்கு வெளியே பிறந்தவர்கள் கணிசம், ஐரிஷ்காரர்கள் அதிகம். கடலே பார்க்காதவன் ‘லாண்ட்ஸ்மேன்’ என்ற கடைநிலையில் சேர்வான், மாதம் 12 டாலர். அனுபவமுள்ள ‘சீமேன்’ வாங்கியது 18. அடுப்படியில் நெருப்பைப் பார்த்துக்கொள்ளும் முதல்நிலை ஃபயர்மேனுக்கு 30. பாய்மரம் ஏறத் தெரிந்த பழைய மாலுமிகளுக்கு இது பொறுக்கவில்லை. ஆனால் கப்பல் நகர்வது யாரால் என்பது சம்பளப் பட்டியலிலேயே தெரிந்துவிட்டது.

கறுப்பின மாலுமிகள் சுமார் 18,000 பேர். தரைப்படை அவர்களைச் சேர்ப்பதற்கு முன்பே, போருக்கு முன்னாலிருந்தே, கடற்படையில் அவர்கள் இருந்தார்கள். தனிப் பிரிவாக இல்லாமல் மற்றவர்களோடு ஒரே கப்பலில். அதற்காகச் சமத்துவம் என்று எண்ணிவிட வேண்டாம். அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்தவர்களைச் சேர்க்கலாம் என்று 1861 செப்டம்பரில் கடற்படைச் செயலர் கிடியன் வெல்ஸ் உத்தரவிட்டபோதே வரம்பும் போட்டார்: ‘பாய்’ (பையன்) நிலைக்கு மேல் இல்லை, மாதம் 10 டாலர், தினம் ஒரு பங்கு ரேஷன். நாற்பது வயதுக்காரனும் பட்டியலில் ‘பாய்’தான். அடுத்த ஆண்டு இறுதியில்தான் லாண்ட்ஸ்மேன்வரை உயர வழி திறந்தது. ஆற்று முகத்துவாரங்களின் மணல்திட்டு எங்கே, கால்வாய் எங்கே என்று தெரிந்தவர்களே இவர்களில்தான் இருந்தார்கள். 1862 மே 13 விடிவதற்குள் சார்ல்ஸ்டனிலிருந்து பிளாண்டர் என்ற கப்பலைக் குடும்பங்களோடு ஓட்டிக்கொண்டு வந்து முற்றுகைக் கப்பல்களிடம் ஒப்படைத்த ராபர்ட் ஸ்மால்ஸ் அப்படிப்பட்ட ஒரு வழிகாட்டிதான். பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே போனார்.

கப்பலில் நாள் நான்கு நான்கு மணி நேரமாகப் பிரியும். மாலை நாலு முதல் எட்டு வரையுள்ளதை மட்டும் இரண்டிரண்டு மணியாக வெட்டுவார்கள். அப்போது ஒரு நாளில் ஏழு பணிமுறை வரும்; ஒற்றைப்படை என்பதால் ஒரே ஆள் தினமும் நள்ளிரவுப் பணியில் மாட்டமாட்டான். தூங்குவது கான்வாஸ் தூளியில். ஆளுக்கு 14 முதல் 18 அங்குல அகலம்தான் ஒதுக்கீடு. பாதிப் பேர் மேலே பணியில் இருப்பதால் பக்கத்துத் தூளி காலியாக இருக்கும், அதனால்தான் மூச்சுவிட முடியும். எழுந்ததும் தூளியைக் கயிற்றால் ஏழு சுற்றுச் சுற்றி இறுக்கி, தளத்தின் விளிம்பிலுள்ள வலைக்கூண்டில் அடுக்க வேண்டும். துப்பாக்கிக் குண்டையும் மரச்சிம்பையும் தடுக்க இந்த அடுக்குத்தான் அரண். தளர்வாகக் கட்டினால் கூண்டுக்குள் போகாது, மழையில் நனைந்துவிடும், இரவில் ஈரத்தில்தான் படுக்க வேண்டும்.

சாப்பாடு சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. ஒருநாள் ஒரு பவுண்டு உப்புப் பன்றிக்கறியும் அரை பைன்ட் பீன்ஸும். இன்னொரு நாள் ஒரு பவுண்டு உப்பு மாட்டிறைச்சியும் அரை பவுண்டு மாவும் உலர்ந்த ஆப்பிளும். தினம் 14 அவுன்ஸ் பிஸ்கட், 2 அவுன்ஸ் சர்க்கரை, தேநீரோ காப்பியோ. வாரத்துக்கு அரை பவுண்டு ஊறுகாய், அரை பைன்ட் வெல்லப்பாகு, அரை பைன்ட் வினிகர். அளவில் குறையில்லை, தரைப்படைச் சிப்பாய் பட்டினி கிடந்த நாளிலும் மாலுமிக்கு வேளைக்குச் சோறு வந்தது. குறை எதில் என்றால் பச்சைக் காய்கறியில். ரோட் ஐலண்ட், கனெக்டிகட் போன்ற சரக்குக் கப்பல்கள் பனிக்கட்டியில் வைத்த புது இறைச்சியும் காய்கறியும் தபாலும் கொண்டுவரும். அவை தாமதித்தால் ஈறு வீங்கும், ஸ்கர்வி தலைகாட்டும்.

தினம் கால் பைன்ட் சாராயமும் இந்தப் பட்டியலில் இருந்தது. 1862 செப்டம்பர் 1-ல் அது நின்றது. பதிலுக்கு நாளொன்றுக்கு 5 சென்ட். முணுமுணுப்பு எவ்வளவு இருந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

பீரங்கிப் பயிற்சி கிட்டத்தட்ட தினமும். ஒன்பது அங்குல டால்கிரன் பீரங்கி ஒன்றின் எடை மட்டும் சுமார் 9,000 பவுண்டு, நாலு டன்னுக்கு மேல். அதற்கு 16 ஆட்கள், போதாததற்கு வெடிமருந்து தூக்கிவர ஒரு பையன். சுட்டதும் பீரங்கி பின்வாங்கும். அதை ஒரு தடித்த கயிறு பிடித்து நிறுத்தும். ஈரப்பஞ்சுக் கோலை உள்ளே விட்டுத் துடைக்கும்போது, பின்பக்கத் துளையை ஒருவன் தோலுறை போட்ட கட்டைவிரலால் அழுத்தி மூடியிருக்க வேண்டும். விரல் எடுபட்டால் காற்றோட்டம் உண்டாகி, உள்ளே மிச்சமிருக்கும் கனல் விழித்துக்கொள்ளும். அடுத்துத் திணிக்கும் 10 பவுண்டு மருந்துப் பை திணிப்பவன் கையிலேயே வெடிக்கும். பிறகு 70 பவுண்டுக்கு மேல் எடையுள்ள வெடிகுண்டு. அதன் திரிமேல் ஒரு ஈயத்தகடு ஒட்டியிருக்கும். உள்ளே தள்ளுவதற்குச் சற்று முன்புதான் அதை உரிக்க வேண்டும். பதற்றத்தில் உரிக்க மறந்தால் அது வெறும் இரும்புருண்டையாகப் போய் விழும். பிறகு எல்லோரும் கப்பிக்கயிற்றை இழுத்துப் பீரங்கியை வெளியே தள்ளுவார்கள். மருந்தறைக்குள் இரும்பு ஆணி அடித்த செருப்புக்கு அனுமதியில்லை; வாசலில் ஈரத்திரை.

இத்தனை பயிற்சியும் செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் ஒரு குண்டும் சுடாத கப்பல்கள் உண்டு. முற்றுகை என்றால் காத்திருப்பு. ஆனாலும் கொதிகலனை அணைக்க முடியாது. குளிர்ந்த கொதிகலனில் நீராவி ஏற மணிக்கணக்காகும், முற்றுகைக்குத் தப்பித் துறைமுகத்துக்குச் சரக்கோடு ஓடும் கப்பலோ நிமிடங்களில் மறைந்துவிடும். எனவே நெருப்பைப் பின்னுக்கு ஒதுக்கிச் சாம்பல் போட்டு மூடி, கனலாகவே வைத்திருப்பார்கள். நங்கூரச் சங்கிலியின் முனையில் மிதவை கட்டியிருக்கும். நங்கூரத்தை இழுக்க நேரமில்லாவிட்டால் சங்கிலியை அப்படியே கழற்றிவிட்டுத் துரத்தலாம், மறுநாள் வந்து எடுத்துக்கொள்ளலாம். தப்பி ஓடும் கப்பல்கள் தாழ்வானவை, சாம்பல் வண்ணம் பூசியவை. நிலவில்லாத இரவில், விளக்கெல்லாம் மூடி வரும். வில்மிங்டன் துறைமுகத்தின் பக்கம் தெற்கின் ஃபிஷர் கோட்டைப் பீரங்கிகள் எட்டும் தூரத்துக்குள் போய்விட்டால் பிறகு தொட முடியாது. இருட்டில் கண்ணில் படும் உருவம் எதிரியா தோழனா என்று அறிய மார்த்தா காஸ்டன் விற்ற சிவப்பு, வெள்ளை, பச்சை வண்ண ஒளிக்குச்சிகளைக் கொளுத்துவார்கள். சமிக்ஞை தப்பினால் தோழனே சுடுவான்.

பிடிபட்ட கப்பலையும் சரக்கையும் ஏலம் விட்டுப் பாதியை அரசு எடுத்துக்கொள்ளும். மீதி பிடித்தவர்களுக்கு, சம்பள விகிதப்படி. பார்வையில், சமிக்ஞை எட்டும் தூரத்தில் நின்ற கப்பல்களுக்கும் பங்கு உண்டு என்பதால், யார் எத்தனை மணிக்கு எங்கே நின்றார்கள் என்று பதிவேட்டில் எழுதுவதில் ஒரு கறார் இருந்தது. அந்தப் பதிவேடுகளில் முதலில் சந்தேகிக்க வேண்டிய பக்கங்களும் இவைதான் என்பது என் எண்ணம்.

சுழல்கோபுரம் கொண்ட வடக்கின் கவசக் கப்பலான மானிட்டரைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. ஆனால் தெற்கின் கவசக் கப்பலான வர்ஜீனியாவோடு 1862 மார்ச் 9-ல் நடந்த சண்டையைவிட, அதற்கு முந்தைய பயணம்தான் அதன் மாலுமிகளின் வாழ்க்கையைக் காட்டுகிறது. தளம் நீர்மட்டத்திலிருந்து ஒன்றரை அடிதான் உயரம். ஆட்களுக்கும் அடுப்புக்கும் வேண்டிய காற்றைத் தளத்தின் குழாய்கள் வழியே நீராவி விசிறிகள் இழுத்தன. நியூயார்க்கிலிருந்து தெற்கே வரும் வழியில் அலை அந்தக் குழாய்களுக்கு மேல் ஏறியது. உள்ளே கொட்டிய நீரில் விசிறிகளின் தோல் பெல்ட் நனைந்து வழுக்கியது. விசிறி நின்றதும் அடுப்புக்குக் காற்றில்லை. நச்சுப் புகை இயந்திர அறையிலேயே தேங்கியது. சரிசெய்ய இறங்கிய எஞ்சினியர்கள் மயங்கி விழ, அவர்களைத் தூக்கிக்கொண்டு வந்து சுழல்கோபுரத்தின் மேல் காற்றாடப் போட்டார்கள். நீராவி குறைந்ததால் பம்பும் ஓடவில்லை. கப்பலில் எல்லாமே அந்த ஒரு பெல்ட்டில் தொங்கியது.

கோபுரத்துக்கடியிலும் நீர் புகுந்தது. சுமார் 120 டன் கோபுரம் தன் எடையாலேயே தளத்தின் வெண்கல வளையத்தில் அழுந்தி நீரைத் தடுக்கும் என்பது அதை வடிவமைத்த எரிக்சனின் கணக்கு. கடற்படையின் கப்பல் பட்டறையில் இருந்தவர்கள் அதை நம்பாமல், கோபுரத்தைத் தூக்கி அடியில் சணல் கயிறு திணித்தார்கள். அலை அடித்து அந்தக் கயிறு வெளியேற, இடைவெளி முழுக்க அருவியாகக் கொட்டியது. சண்டையன்றும் தொல்லை கோபுரத்தில்தான். சுழலத் தொடங்கினால் சரியான இடத்தில் நிறுத்த முடியவில்லை. முன்பக்கம், பின்பக்கம், வலம், இடம் என்று தரையில் போட்ட வெள்ளைக் குறிகள் காலடியிலும் கரியிலும் அழிந்துபோயின. வெளியே எதிரி எந்தத் திசையில் என்றே உள்ளே தெரியவில்லை. கப்பலைச் செலுத்தும் அறைக்குப் பேசும் குழாய் உடைந்ததால் சம்பளம் வழங்கும் அதிகாரியும் எழுத்தரும் செய்தி சுமந்து ஓடினார்கள். ஒரு சுடுதலுக்கும் அடுத்ததற்கும் இடையே ஏழெட்டு நிமிடம். கோபுரச் சுவரில் சாய்ந்து நின்றவர்களை வெளியே பட்ட குண்டின் அதிர்ச்சியே தூக்கி எறிந்தது.

அதே ஆண்டு டிசம்பர் 31 அதிகாலை, ஹட்டராஸ் முனைக்கு அப்பால், ரோட் ஐலண்ட் இழுத்துப்போகும்போது மானிட்டர் மூழ்கியது. காரணமும் அதேதான். கோபுரத்தடியில் திணித்தது கழன்றது, நீர் ஏறிக் கரியை நனைத்தது, நீராவி இறங்க இறங்கப் பம்பு தளர்ந்தது. 16 பேர் போனார்கள், 47 பேரை ரோட் ஐலண்டின் படகுகள் மீட்டன.

நோய் பற்றிச் சுருக்கமாக: ஆற்றுப் படகுகளில் மலேரியா, மெக்சிகோ வளைகுடாத் துறைகளில் மஞ்சள் காய்ச்சல். கசப்பு தெரியாமலிருக்கக் குயினைனை விஸ்கியில் கரைத்துக் கொடுத்தார்கள். சாராயத் தடைக்குப் பிறகும் மருந்துப் பெட்டியில் அதற்கு இடமிருந்தது. தெற்கிடமிருந்து பிடிபட்ட ரெட் ரோவர் என்ற துடுப்புச் சக்கரக் கப்பல் 1862-ல் மருத்துவமனைக் கப்பலானது. 300 டன் பனிக்கட்டி பிடிக்கும் அறை, நோயாளிகளைத் தளத்துக்குத் தளம் ஏற்றி இறக்க லிஃப்ட், கன்னியாஸ்திரீகளோடு கறுப்பினப் பெண்களும் செவிலியர்கள்.

போர் முடிந்து ஊர் திரும்பியவர்களுக்கு 1862-ன் ஓய்வூதியச் சட்டம் சிப்பாய்களுக்கு இணையான உரிமை தந்தது. ஆனால் ஊனமோ நோயோ பணியில் வந்தது என்று நிரூபிக்க வேண்டும். குண்டடி பட்டவனுக்குத் தழும்பு சாட்சி. பீரங்கியால் செவி போனவனும் அடுப்படியில் நுரையீரல் கெட்டவனும் மருத்துவர் குறிப்பையும் கூட இருந்தவர்களின் வாக்குமூலத்தையும் தேடி அலைந்தார்கள். அடிமைத்தளையிலிருந்து வந்து ஒரு பெயரில் சேர்ந்து, விடுதலைக்குப் பின் வேறு பெயர் வைத்துக்கொண்டவர்களுக்கு இன்னும் சிக்கல்: பட்டியலில் இருப்பவன் தான்தான் என்று முதலில் காட்ட வேண்டியிருந்தது. அவர்களும் அவர்களுடைய விதவைகளும் கொடுத்த வாக்குமூலங்கள் வாஷிங்டன் ஆவணக் காப்பகத்தில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. பீரங்கித் தளத்துக்குக் கீழே என்ன நடந்தது என்று அறிய அதிகாரிகளின் அறிக்கைகளைவிட அவையே உதவும்.